பிழை இருந்தால் பெயர் வரும்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் எலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாளிதழின் அறிவியல் பக்கத்தை வாராவாரம் ஒண்டியாக எழுதுகிறவள். ஆராய்ச்சி முடிவுகள் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வெளியாகும். பக்கம் அச்சுக்குப் போக அதற்கப்புறம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. அதற்குள் படித்து, புரிந்துகொண்டு, எழுதிக் கொடுப்பாள். 'இது எலிகளில் நடந்த சோதனை' என்று மறக்காமல் எழுதுவாள். செய்தி ஆசிரியர் இடமில்லை என்று முதலில் வெட்டுவது அந்த எலியைத்தான். இவள் போய் மல்லுக்கு நிற்பாள். ஒருநாள் ஜெயிப்பாள், இரண்டு நாள் தோற்பாள்.

இந்த அவசரம் எல்லாருக்கும் இல்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். அறிவியல் செய்திச் சேவை ஒன்று இருந்தது. தகுதியுள்ள பத்திரிகையாளர்களுக்கு அது அதே முடிவுகளை நாலு நாள் முன்னதாகவே அனுப்பிவிடும். குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. எம்பார்கோ என்பார்கள். மற்ற பத்திரிகைக்காரர்கள் அந்த நாலு நாளில் ஆற அமரப் படித்து, இரண்டு டாக்டர்களிடம் போன் போட்டுக் கேட்டு எழுதினார்கள். இவள் மட்டும் கடைசி நேரத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பித்தாள். கடந்த ஓராண்டில் உங்கள் பெயரோடு வெளியான மூன்று கட்டுரைகளை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பதினெட்டு வருஷமாக அவள் எழுதிய எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது 'நமது நிருபர்'. பெயர் போட்டால் தலைக்கனம் வரும், தலைக்கனம் வந்தால் வேறு பத்திரிகைக்குப் போய்விடுவார்கள் என்பது முதலாளியின் கணக்கு. ஆனால் தப்பு வந்தால் மட்டும் மறுநாள் திருத்தம் என்று ஒரு கட்டம் போட்டு, எழுதியவர் பெயரை முழுசாக அச்சடித்துவிடுவார். புகழ் பத்திரிகைக்கு, பழி ஊழியருக்கு.

அப்படி அந்த வருஷம் அவள் பெயர் இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்று அவள் தப்பேதான்: அவசரத்தில் ஒரு கோளின் தூரத்தில் மூன்று சைபரை விழுங்கிவிட்டாள். இன்னொன்றில் அவள் எழுதிய எலியைச் செய்தி ஆசிரியர் வெட்டிவிட்டு, 'சர்க்கரைக்கு இனி மாத்திரை வேண்டாம்' என்று தலைப்பு வைத்தார். மறுநாள் திருத்தத்தில் 'தலைப்பில் பிழை, வருந்துகிறோம்' என்றுதான் இருந்தது, அங்கேயும் எலி இல்லை; பெயர் என்னவோ இவளுடையதுதான்.

அந்தத் தலைப்பை நம்பிய முதல் ஆள் அவள் மாமியார். மாத்திரைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நாலே நாளில் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இவள் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அத்தை, அது எலிக்கு. மனுஷங்களுக்கு இல்ல."

"நீ சொல்றது இருக்கட்டும். பேப்பர்ல அப்படிப் போடலையே."

"அந்தப் பேப்பர்ல எழுதுறதே நான்தான்."

"உன் பேரு ஒருநாளும் வந்ததில்லையே. வந்ததெல்லாம் தப்புக்குத்தானே."

அந்த வீட்டில் அச்சடித்த எழுத்துக்கு இருந்த மரியாதையில் கால்வாசிகூட மருமகள் வாய்க்கு இல்லை. டாக்டருக்குப் பயந்து மாமியார் திரும்ப மாத்திரை போட ஆரம்பித்தாலும், அடுத்த நல்ல செய்தி எப்போது வரும் என்று தினமும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்தால் மாத்திரை மறுபடி குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

வேறு வழி தெரியாமல் அந்த இரண்டு திருத்தங்களையே சேவைக்கு அனுப்பிவைத்தாள். அவற்றை எழுதியவர் நீங்கள்தான் என்று உங்கள் பத்திரிகையே உறுதி செய்வதால் ஏற்றுக்கொள்கிறோம் என்று அங்கிருந்த அதிகாரி பதில் போட்டார். இன்னும் ஒன்று தேவை. மாத முடிவுக்குள் வராவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகும், அடுத்து ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்கலாம்.

ஆக, தகுதி பெற அவளுக்கு இன்னும் ஒரே ஒரு தப்பு பாக்கி. இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது? ஒரு கட்டுரைக்குப் பெயர் போடுங்கள் சார் என்று செய்தி ஆசிரியரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"உனக்குப் போட்டா நாளைக்கு ராசிபலன் எழுதுறவரும் வந்து நிப்பாரும்மா" என்று அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

மாதத்தின் கடைசி அறிவியல் பக்கம் வந்தது. அன்று பார்த்து வந்த செய்தி, சேதமான கணையம் ஒரு புது மருந்தால் மறுபடி வேலை செய்ததாம். எலிகளில்தான். எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கம் கட்டுகிறவரின் திரையை எட்டிப் பார்த்தாள். 'சர்க்கரை நோயாளிகளுக்கு விடுதலை' என்று தலைப்பு கொட்டை எழுத்தில் உட்கார்ந்திருந்தது. எலி எங்கேயும் இல்லை.

"விட்டுடுங்க எலியக்கா" என்றார் அவள் விண்ணப்பக் கதையெல்லாம் தெரிந்த பக்கம் கட்டுகிறவர், குரலைத் தாழ்த்தி. "நாளைக்குத் திருத்தம் வரும். மூணாவதும் கிடைச்சிடும்."

உண்மைதான். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். அப்புறம் ஆயுசு பூராவும் நாலு நாள் முன்னதாகவே செய்தி. நாலு நாள் மல்லுக்கு நிற்க நேரம் இருந்தால் இனி ஒரு எலியும் வெட்டுப்படாது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டாள். கதவும் திறந்தது. மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தத் தலைப்பைப் படிக்கிற காட்சி கண் முன்னால் வந்து நின்றது. சனியன் பிடித்த வேலை என்று வாய்விட்டே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"சார், எலி தலைப்புலயே வரணும்."

"எலின்னு போட்டா எவன்மா படிப்பான்?"

"படிக்காட்டிப் போகட்டும் சார். மாத்திரையையாவது போடுவாங்க."

"வாராவாரம் உன்னோட இதே ரோதனையாப் போச்சு."

"எனக்கும்தான் சார். எங்க வீட்டுல ஒருத்தங்க இதைப் படிச்சுட்டு விழுந்து கிடந்தாங்க. நான் நகரப் போறதில்ல."

அவர் பேனாவை மேஜைமேல் வீசினார். "சரி, உன் இஷ்டப்படியே போகட்டும். ஆனா முதலாளி கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். மேலயே உன் பேரைப் போட்டுடறேன். திட்டு நேரா உனக்கே வரட்டும்."

பக்கம் கட்டுகிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'நமது நிருபர்' என்பதை அழித்தார். அவளுக்கு விஷயம் உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதட்டலாகவே வந்தாலும் பெயர் பெயர்தானே. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தாள்.

காலையில் பக்கத்தைப் படம் பிடித்துச் சேவைக்கு அனுப்பினாள். அவள் அடுப்பில் பாலை வைப்பதற்குள் தகுதி ஏற்கப்பட்டது என்று பதில் வந்துவிட்டது. சொல்லலாம் என்று திரும்பினால், சாப்பாட்டு மேஜையில் மாமியார் பேப்பரை விரித்து வைத்திருந்தார். மாத்திரை தண்ணீர் டம்ளர் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"உன் பேரு வந்திருக்கு. இந்தத் தடவை என்ன தப்பு பண்ணின?"

"ஒரு தப்பும் இல்ல அத்தை."

"இல்லாமயா பேரைப் போடுவாங்க."

மாமியார் விரலை வைத்து, தப்பைத் தேடி, தலைப்பிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதை அவர் இவ்வளவு கவனமாகப் படித்ததே இல்லை. விரல் ஓரிடத்தில் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டேன். மனுஷங்கன்னு வர வேண்டிய இடத்துல எலின்னு வந்திருக்கு."

"அது தப்பில்ல அத்தை. எலிக்குத்தான்."

மாமியார் மறுபடி பேப்பரைப் பார்த்தார். அச்சில் எலி என்றுதான் இருந்தது.

"அப்ப போன தடவையும் எலிக்குத்தானா?"

"ஆமா."

மாமியார் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார்.