விறகுக் கேஸில் என் பேர்

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போவதற்கு முன்னால் போனில் கோர்ட் வெப்சைட்டைத் திறந்து பையன் பேரைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். மாவட்டம், கோர்ட், பேர், வருஷம் எல்லாம் போட்டு, கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடித்தால் போதும். பையன் மேல் கேஸ் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். என் தம்பி மகளுக்கு வரன் பார்த்தபோது நான்தான் தேடிக் கொடுத்தேன். ஒரு பையன் மேல் அடிதடிக் கேஸ் இருந்தது. இன்னொரு பையன் அக்கம்பக்கத்தார் எல்லார் மேலும் தானே கேஸ் போட்டிருந்தான். முதல் பையனே தேவலாம் என்றேன்.

வீட்டில் என்னை இந்த விஷயத்தில் நிபுணர் என்கிறார்கள். நான் முதன்முதலில் தேடியது என்னைத்தான். என் இருபத்தாறாவது வயதில், நான் தண்டனை பெற்ற குற்றவாளி என்று அரசாங்கம் சொல்லித் தெரிந்துகொண்டு, என்ன குற்றம் செய்தேன் என்று தேடிக்கொண்டு போனேன். அப்போது போனும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எப்படியோ படித்து, பரீட்சை எழுதி, குந்தாப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. எங்கள் லைனிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போன முதல் ஆள் நான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றவர்களிடம் அம்மா அதை எத்தனை தடவை சொன்னாள் என்றால், கடைசியில் சூப்பர்வைசரே போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

வேலைக்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. எப்போதாவது குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று. இல்லை என்று அழகாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. காப்புக்காட்டில் விறகு வெட்டியதற்காக நான் அபராதம் கட்டியிருக்கிறேனாம். அதைவிடப் பெரிய குற்றம், படிவத்தில் அதை மறைத்தது. வேலையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் வந்ததே தவிர, ஆச்சரியம் வரவில்லை. எங்கள் லைனில் ஒரு பழக்கம் இருந்தது. எஸ்டேட் கொடுக்கும் விறகு மாதம் முழுக்கப் போதாது. வேலைக்குப் போகாத நாளில் பெண்கள் நாலைந்து பேராகச் சோலைக் காட்டுக்குள் போவார்கள். வனத்துறை கார்டு பிடித்துக்கொண்டால் தன் பேரைச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு வேலைக்குப் போயிருக்கிறவள் பேரைச் சொல்வார்கள். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று எஸ்டேட்டில் தினமும் எழுதும் செக்ரோல் இருக்கிறதே, அதுதான் அவர்களுக்குக் காவல் தெய்வம். கேஸ் பெரிதாகப் போனால், பேருக்குச் சொந்தக்காரி செக்ரோலைக் காட்டி, நான் அன்றைக்கு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன் என்று தப்பித்துவிடலாம். சின்னக் கேஸாகவே முடிந்தால், பிடிபட்டவளே அந்தப் பேரில் கோர்ட்டில் நின்று, தப்பை ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுவாள். எந்தச் சட்டக் கல்லூரிப் பக்கமும் போகாத எங்கள் பெண்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நம்பினார்கள். லைனிலிருந்து ஒருத்தி சர்க்கார் வேலைக்குப் போவாள் என்பது மட்டும் அவர்கள் யோசனையில் வரவில்லை.

ஆகவே எவளோ ஒருத்தி என் பேரைச் சொல்லியிருக்கிறாள். எவள் என்பதுதான் கேள்வி. விறகுக்குப் போவதில் பேர்போனவள் பக்கத்து வீட்டு அக்கா. குழாயடியில் வைத்தே அவளைப் பிடித்துக்கொண்டேன். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்று கத்தினேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள்.

"படிக்கற புள்ள பேரச் சொல்ற அளவுக்கு நான் மானங்கெட்டவளா? உங்கம்மா பேரு இருக்கறப்ப உம்பேரு எனக்கு எதுக்கு?"

கோபத்தில் அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை. வரிசையில் எங்கள் அம்மாவும் நின்றுகொண்டிருந்தாள். பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலில் வனத்துறை ஆபீசுக்குப் போனேன். வேலைக்காக என்னைப் பற்றி விசாரித்த போலீஸ்காரருக்குத் தகவல் அங்கிருந்துதான் போயிருந்தது. ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார்கள். என் பேர், அப்பா பேர், எஸ்டேட் பேர், விறகு, அபராதம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. கேஸ் நம்பரும் தேதியும் எழுதும் ஓரத்தை மட்டும் பூஞ்சை தின்றுவிட்டது. எங்கள் மலையில் மூன்று மழைக்காலம் தாங்கிய காகிதமே அதிசயம் என்பதால் அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மானத்தை விட்டுவிட்டு நம்பரை மட்டும் தின்ற அந்தப் பூஞ்சை மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அங்கிருந்து கோர்ட்டுக்குப் போனேன். நகல் கொடுக்கும் பிரிவில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேஸ் நம்பர் கேட்டார். நம்பர் எங்கே இருக்கும் என்று கேட்டேன். தீர்ப்பு நகலில் இருக்கும் என்றார். அதை வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அது கஷ்டம்தான் என்று அவரும் மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார். அரைமணி நேரம் அங்கேயே நின்ற பிறகுதான், நம்பர் தெரியாதவர்கள் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்கத் தனியாக ஒரு மனு இருக்கிறது என்று ஞாபகம் வந்தது அவருக்கு. மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்து வாங்கி, மறுநாள் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். இன்றைக்குத் தேடப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஜன்னலில் இருக்கிறவர் முடியாது என்று சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள். அரைமணி நேரம் நில்லுங்கள்.

ரெக்கார்டு ரூம் பொறுப்பாளர் குரங்குக் குல்லாய் போட்ட மனிதர். அவருக்குத் தூசி ஆகாது. தேட வேண்டியவர் அவர்தான் என்றாலும், நோட்டுகளை மேஜை மேல் இறக்கிவிட்டு, என்னைக் கண்காணிப்பதாகச் சொல்லி வாசலில் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரு பக்கம் நான் புரட்டினால் வெளியே அவர் தும்முவார். எந்த வருஷத்து நோட்டு வேண்டும் என்று கேட்டபோது, எனக்கும் தெரியாததால், நான் பிறந்த வருஷத்திலிருந்து கொடுங்கள் என்றேன். தொட்டிலில் கிடந்தபடி விறகு வெட்டினீங்களா என்று கேட்டார். சரி, பத்து வயதிலிருந்து என்று பேசி முடித்தோம்.

அந்த நோட்டுகளில் பேர் வாரியாக எதுவும் கிடையாது. நம்பர் வரிசையில் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு நாள் படித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இவ்வளவு ருசியான புத்தகத்தை நான் அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை. ஒழுக்கம் பற்றிப் பேசிப் பேசியே என்னைப் பிரம்பால் அடித்த கணக்கு வாத்தியார், விளக்கில்லாத சைக்கிளில் ஆள் ஏற்றிப் போய்ப் பிடிபட்டிருந்தார். பஜனையில் முன்னால் உட்காரும் பெரியவர் மார்க்கெட்டுக்குப் பின்னால் சீட்டாடியிருந்தார். கடைசிக் கட்டத்தில் எல்லார் பேருக்கு நேரேயும் குற்றத்தை ஒப்புக்கொண்டார், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று ஒரே கையெழுத்து. ஊரில் ஒருவரும் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்திருந்த எனக்கு அந்த நோட்டைப் பார்த்ததும் எல்லார் மேலும் கொஞ்சம் பிரியமே வந்தது.

முதல் நாள் மத்தியானமே அம்மாவின் பேர் வந்தது. விறகு, அபராதம். சிரித்துக்கொண்டேன். பத்துப் பக்கம் தள்ளி மறுபடியும் வந்தது. மறுபடியும். லீவு என்ற வார்த்தையே தெரியாமல், காய்ச்சலோடும் மலைக்குப் போன என் அம்மா, சாயங்காலத்துக்குள் ஏழு கேஸில் தண்டனை பெற்றிருந்தாள். அவள் எந்த நாளும் வேலைக்குப் போனதால், எந்த நாள் செக்ரோலிலும் அவள் பேர் இருக்கும். அதனால் பிடிபட்டவர்கள் எல்லாரும் அவள் பேரைத்தான் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் அது பதினொன்று ஆனது. பதினொன்றாவதுக்கு நேரே, இன்னொரு முறை வந்தால் சிறைத் தண்டனை என எச்சரிக்கப்பட்டார் என்று எழுதியிருந்தது. நான் சிரித்த சத்தம் கேட்டு வாசலில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

நாலு பக்கம் தள்ளி என் பேர் இருந்தது. தேதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் திரட்டி சீர் நடந்ததற்கு இரண்டு நாள் முன்னால். நான் பெரியவளானதற்கு அம்மா ஊரைக் கூப்பிட்டுச் செய்த விருந்து அது. அன்றைக்கு எடுத்த போட்டோவின் பின்னால் தேதி எழுதி வீட்டில் மாட்டியிருக்கிறது. கேஸ் கட்டை எடுத்துத் தரச் சொன்னேன். உள்ளே ஒரே ஒரு தாள். என் பேர், வயது முப்பத்தெட்டு, கீழே கட்டை விரல் ரேகை. அப்போது எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு வயதில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் தேதியை மட்டும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"விருந்துக்கு வெறகு பத்தல கண்ணு. அன்னைக்குத்தான் முதத்தடவ நானே போனேன். எம்பேரு அதுக்குள்ள தேஞ்சு போச்சு. இன்னொருக்கா சொன்னா உள்ள போடறேன்னு ஜட்ஜய்யா சொன்னாருன்னு பக்கத்து ஊட்டுக்காரி வந்து சொல்லியிருந்தா. ஒரு வாரமா ஊரெல்லாம் உம்பேரச் சொல்லித்தான் சீருக்குக் கூப்பிட்டுட்டு இருந்தேன். கார்டு கேட்டதும் அதுவேதான் வாயில வந்துச்சு."

சொந்தப் பேரை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டிய நாளில் தன் பேர் உதவாமல் நின்றவள் இந்த மாவட்டத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இப்போது சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. உன்னால் என் வேலை போச்சு, ஊரைக் கூப்பிட்டு விருந்து வைக்கச் சொல்லி நான் கேட்டேனா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டேன்.

நகல் வாங்கப் போன இடத்தில் கோர்ட் வராந்தாவில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். வயது ஒத்துப்போகாததால் அது நான் இல்லை என்று நிரூபிப்பது சுலபம் என்றார். ஆனால் யார் என்று சொன்னால், கோர்ட்டில் பொய்ப் பேர் சொன்னதற்கு அந்த அம்மாள் மேல் புதிதாகக் கேஸ் வரலாம், அது விறகுக் கேஸ் போல அபராதத்தோடு போகாது, எஸ்டேட்டிலும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றார். அம்மாவுக்கு ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருந்தது. அவளிடம் இதைச் சொன்னேன். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், என் பேரையே சொல்லிவிடு என்றாள்.

பதினான்காவது நாள் ஆபீசுக்குப் போனேன். நான் வேண்டாம் என்று சொல்லியும் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். உள்ளே வந்து தன் வாயாலேயே ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கூப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அதட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஆபீசர் நகலையும் என் பள்ளிக்கூட டி.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரேகையையும் என் கையெழுத்தையும் பார்த்தார். இது நீங்கள் இல்லை என்பது சரி, அப்படியென்றால் உங்கள் பேரைச் சொன்ன இந்த அம்மாள் யார் என்று கேட்டார். கதவு திறந்துதான் இருந்தது. பெஞ்சில் அம்மாவின் முழங்கையும் மஞ்சள் பையும் தெரிந்தன.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

அவர் விளக்கம் ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் நான் உண்மையை எழுதியபோது பொய்க்காரி என்று கடிதம் அனுப்பிய அதே ஆபீசில், நான் மனமறிந்து சொன்ன முதல் பொய்யை அப்படியே நம்பி வேலையும் கொடுத்துவிட்டார்கள். அங்கே முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

வெளியே வந்ததும் அம்மா எழுந்து நின்றாள். என் பேரைச் சொல்லிவிட்டாயா, நான் உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். சொல்லவில்லை, வேலை கிடைத்துவிட்டது, வா போகலாம் என்றேன். அவள் நகரவில்லை.

"லைன்ல அத்தன பேரும் எம்பேரச் சொன்னாங்க" என்றாள். "நீ ஒருத்திதான் சொல்லல."

சொல்லிவிட்டு அந்த வராந்தாவிலேயே அழ ஆரம்பித்தாள். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்ததற்கு எனக்கு அப்போதுதான் வெட்கமாக இருந்தது.