தலைக்கவசத்துக்குள் இருந்த முகம்

பல நாள் காத்திருந்த விண்வெளி வீரர் பொம்மையின் புதிய பதிப்பு இன்று காலை கூரியரில் வந்தது.

என்னிடமிருந்த பழையதைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பழையதற்குக் கையும் காலும் மட்டும்தான் அசையும். புதியதற்கு விரல்கூட மடங்குகிறது. தலைக்கவசத்தைத் திருகினால் தனியாகக் கழன்று வருகிறது.

உள்ளே ஒரு பெண்ணின் முகம்!

சின்ன வயதில் அக்கா இதைத்தான் அடித்துச் சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. பார்த்துவிடலாம் என்று அவள் கத்தியால் பழையதன் கவசத்தை நெம்ப, நான் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்து அடி வாங்க வைத்தேன். பொம்மையின் கழுத்தில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவள் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீ சொன்னதுதான் சரி. அன்னிக்கு உன்னைய மாட்டி உட்டுட்டேன். இந்தப் புதுசு உனக்குத்தான்.”

“இத்தன வருசம் கழிச்சு ஒத்துக்கிட்டியா கண்ணு!” என்று சிரித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இவ நல்லாத்தான் இருக்கறா. ஆனா நான் நெனச்சு வெச்சிருந்த மூஞ்சி இது இல்ல சாமி. எனக்கு அந்தப் பழசக் குடு.”

கொடுத்துவிட்டேன். அது இப்போது எங்கு தேடினாலும் கிடைக்காது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பொம்மை சேகரிக்கும் நண்பர்களே, திட்டுவதென்றால் கீழே கமெண்டில் ஒவ்வொருவராக வாருங்கள்.