கல்யாணத்துக்குப் போன மலை வழி

விடிகாலை ஐந்து மணிக்குக் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பினோம். நானும் சித்தப்பாவும், ஆளுக்கு ஒரு சைக்கிள். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை மலைக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை ஊரான தும்பலில் எனக்குக் கல்யாணம்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. நெடுஞ்சாலையில் சின்னசேலம் வரைக்கும் மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. தந்தி கொடுத்தால் போய்ச் சேருமா என்று தபால் ஆபீசிலேயே கையை விரித்தார்கள். தள்ளிப் போடவும் வழியில்லை. மாப்பிள்ளை பழனிவேல் பட்டாளத்தில் இருந்தார். அடுத்த வாரம் லீவு முடிகிறது, மறுபடி வர ஒரு வருஷமாவது ஆகும்.

"மல மேல ஏறி அந்தாண்ட எறங்கினா தும்பல்தான்" என்று முந்தின நாள் சித்தப்பாதான் யோசனை சொன்னார். கடுக்காயும் தேனும் வாங்க அடிக்கடி மலைக்குப் போகிறவர் அவர். "கச்சிராயபாளையம், வெள்ளிமல, கருமந்துறை, தும்பல். எம்பது கிலோமீட்டர் இருக்கும். பாப்பாவுக்குத்தான் நல்லா சைக்கிள் வுடத் தெரியுமே."

நான் பால்வாடி டீச்சர். பக்கத்து ஊருக்குத் தினமும் சைக்கிளில்தான் போய்வந்தேன். அப்பாவுக்கு மூட்டு வலி, மிதிக்க முடியாது. அம்மாவுக்குச் சைக்கிளே தெரியாது. அவர்கள் வர முடியாத கல்யாணம் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்து, "மெதுவா போ" என்றாள். அவ்வளவுதான்.

கச்சிராயபாளையத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சாலையின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. அதன் மேல் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள்.

"எங்க போய்க்கினு கீறீங்க?"

சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். முன்னால் நின்றவருக்கு என் வயதுதான் இருக்கும். என் கையிலிருந்த மருதாணியைப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணா? இன்னாம்மா இது, சைக்கிள்லயா?"

"நீங்க வழிய மறிச்சா நான் எதுல போறது?" என்று கேட்டுவிட்டேன். சித்தப்பா என் முழங்கையைத் தொட்டார்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் பி.ஏ. படிச்சவன்மா. கரும்பு வெட்டப் போய்க்கினு கீறேன். எங்க புள்ளைங்களுக்கும் ஒரு உத்தியோகம் கெடைக்கணும்னுதான் ஒக்காந்திருக்கோம். உன்ன எறங்க வெச்சதுக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா."

என் சைக்கிளை இரண்டு பேர் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். மரத்தைத் தாண்டும்போது புடவையில் சின்னச் சின்ன புளியிலைகள் ஒட்டிக்கொண்டன. அந்த மரம் கிடந்தது வருத்தமாக இருந்தது. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டையும் சுமந்துகொண்டு மிதித்தேன்.

கோமுகி அணை தாண்டியதும் தார் ரோடு தேய்ந்து சரளைக்கல் தொடங்கியது. அடிவாரத்துக் கடையில் டீ நாற்பது பைசா. வெல்லம் போட்ட டீ. அங்கேயே என் பின்சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டியும் கொண்டோம். அதற்கு மேல் மிதிக்க முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

ஒவ்வொரு வளைவிலும் கீழே இருந்த சமவெளி ஒரு சுற்றுச் சிறுத்தது. அணைத் தண்ணீர் முதலில் ஏரியாக இருந்தது, பிறகு ஒரு தட்டாக, பிறகு வெறும் வெளிச்சமாக ஆனது. மூங்கில் புதர்களுக்குள் காற்று நுழையும்போது யாரோ பக்கத்தில் மெதுவாகப் பேசுவது போலிருந்தது. மேகம் ஒன்று ரோட்டுக்கே இறங்கி வந்தது. சித்தப்பா அதற்குள் போய்க் காணாமல் போனார். அவருடைய சைக்கிள் செயின் கடகடப்பது மட்டும் கேட்டது. நானும் உள்ளே நுழைந்தேன். முகம் நனைந்தது. கல்யாணம், மறியல், அம்மாவின் முகம் எல்லாமே வேறு யாருக்கோ நடப்பது போலத் தள்ளிப் போயின. அந்த மேகத்துக்குள் கொஞ்ச நேரம் நான் யாருடைய மகளும் இல்லை, யாருக்கும் மனைவியாகப் போகிறவளும் இல்லை.

சாயங்காலம் வெள்ளிமலை வந்தோம். சித்தப்பாவுக்குத் தேன் கொடுக்கும் பொன்னி என்ற பெண்ணின் வீட்டில் தங்கினோம். புல் வேய்ந்த வீடு, சுற்றிலும் சாமை வயல். அவள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள்.

"கீழ மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள்.

"நெசந்தான்."

"நாங்க ஒரு மரம் வெட்டினா காட்டு ஆபீசரு எங்கள வெட்டிருவாரு" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, "மாப்ள எப்படி?" என்றாள்.

"ஒரு தடவதான் பாத்தேன். காபி குடுக்கும்போது."

"நான் கல்யாணத்தன்னிக்குத்தான் பாத்தேன்" என்றாள் பொன்னி. "பரவால்ல, ஆளு நல்லாத்தான் இருந்தாரு."

வியாழக்கிழமை காலையில் மலைக்கு மேலேயே ஓடும் வழி. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இருபத்தைந்து கிலோமீட்டர்தான். செம்மண்ணும் சரளையும் கலந்த பாதை ஏறி இறங்கிக் கடுக்காய் மரங்களுக்குள் புகுந்து சாமை வயலில் வெளியே வரும். கதிர்கள் முற்றித் தலைசாய்ந்திருந்தன. இறக்கங்களில் பிரேக்கை விட்டுவிட்டுப் போனேன். கற்கள் சக்கரத்துக்கடியில் பொரிவது போலச் சத்தமிட்டன. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. உலகத்தில் ரோடு போட்டவர்கள் எங்களுக்காக மட்டும் இதைப் போட்டுவிட்டு மறந்துபோனது போலிருந்தது.

பாதி வழியில் ஓர் ஓடை பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. முழங்கால் அளவு தண்ணீர். எதிர்க் கரையிலிருந்து ஒருவர் தோளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். நடுத் தண்ணீரில் நின்று எங்களையே பார்த்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

"மாப்ள!" என்றார் சித்தப்பா.

பழனிவேல் கரையேறிச் சைக்கிளை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், உடனே தண்ணீரைப் பார்த்தார். "பஸ் இல்லைனதும் நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேங்க. அதான் நானே கள்ளக்குறிச்சிக்கு வந்து அங்கயே தாலி கட்டிக்கலாம்னு கெளம்பிட்டேன்."

"உங்கம்மா?" என்று கேட்டார் சித்தப்பா.

"சொல்லிட்டுத்தான் வந்தேன். அழுதாங்க. அப்புறம் போடான்னுட்டாங்க."

சித்தப்பா பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். "இப்ப எந்தப் பக்கம் போறது? ரெண்டும் ஒரே தூரம் மாதிரிதான் தெரியுது."

திரும்பிப் போனால் அம்மாவும் அப்பாவும் பார்ப்பார்கள். முன்னே போனால் அவருடைய அம்மா பார்ப்பார்.

"நீங்க சொல்லுங்க" என்றார் அவர் என்னிடம். "நான் உங்க ஊருக்கே வரேங்க. ஒத்தப் பொண்ணுன்னு சொன்னாங்க. உங்கம்மா பாக்க வேண்டாமா?"

அவர் சைக்கிளின் முகம் ஏற்கெனவே எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா வாசலில் ஓடி வருவது கண்ணில் தெரிந்தது. அழுதபடி மகனை அனுப்பிய அந்த அம்மா பெண் பார்க்க வரவில்லை; அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் மகனின் முகத்தோடு அவர் ஒரு வாசலில் நிற்பது போலிருந்தது.

"தும்பலுக்கே போலாம்" என்றேன்.

சித்தப்பா நிமிர்ந்தார். "பாப்பா, நல்லா யோசிச்சிக்கோ. அண்ணி கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

பழனிவேல் தன் சைக்கிளைத் திருப்பி முதலில் அக்கரையில் கொண்டுபோய் வைத்தார். பிறகு வந்து என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கினேன்.

கருமந்துறை வரை சித்தப்பா வேண்டுமென்றே பின்தங்கி வந்தார். நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. "இங்க பள்ளம்" என்பார். "கல்லு பாத்து" என்பார். கருமந்துறையில் ஆறு இட்லி, மூன்று டீ. அவர்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு இறக்கம். ஓர் இடத்தில் நிறுத்தி, கீழே தூரத்தில் தெரிந்த தென்னந்தோப்பைக் காட்டி, "எங்க வூடு அதுக்குள்ளாறதான் இருக்குங்க. வெயில் வராது" என்றார். ஏதோ பரிசைக் காட்டுவது போலச் சொன்னார். வெயில் மலைகளை ஒவ்வொன்றாக விட்டு விலகிக்கொண்டிருந்தது. அந்த இறக்கம் முடியவே வேண்டாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தும்பல் முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. சித்தப்பா அப்பாவின் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுத்தார். மாமியார் என் பாதத்தில் இருந்த சரளைக் காயங்களுக்கு மஞ்சள் தடவினார்.

நாலே நாளில் பழனிவேல் சேலம் வரை சைக்கிளிலேயே புறப்பட்டுப் போனார். வழி திறந்த பிறகுதான் அம்மாவும் அப்பாவும் வர முடிந்தது. மருமகனைப் பார்க்க முடியவில்லை. சம்பிரதாயத்துக்கு என்னை மறுவீடு அழைத்துக்கொண்டு ஆத்தூர் வழியாகப் பஸ்ஸில் திரும்பினார்கள். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வெட்டுப்பட்ட அடிமரங்கள் வெள்ளையாக நின்றன. நிழல் இல்லாத அந்த ரோட்டில் பஸ் வேகமாகப் போனது.

அம்மா வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: "ஓடையிலேர்ந்து நீ திரும்பி வந்திருக்கலாமில்லடி?"

"வந்திருக்கலாம்மா."

"அவரு வரேன்னாராமே. உங்க சித்தப்பா சொன்னாரு."

"ஆமா. அவரு வரேன்னாரு. அதனாலதான்."

அம்மா இப்போது என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி ஆளுடி அவரு? சொல்லு."

நாலு நாளும் வீடு நிறைய உறவுக்காரர்கள். அவருடன் நான் தனியாக இருந்ததெல்லாம் அந்த மலை வழியில்தான். சொல்வதற்கு எனக்கு வேறு ஒன்றும் இல்லை. நடுத் தண்ணீரில் அவர் நின்றதிலிருந்து ஆரம்பித்து, வளைவு வளைவாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பஸ் கள்ளக்குறிச்சி வந்தபோது என் கதையில் நாங்கள் கருமந்துறையைத்தான் தாண்டியிருந்தோம். மீதியை வீட்டுக்கு நடந்துகொண்டே சொன்னேன்.