கம்பளி வியாபாரியின் கல்லறை

ஹெஸ்டர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வீட்டை விட்டுப் போனாள். கல்யாணமான புதிதில், புருஷன் வில்ஃப்ரெட் தான் வெட்டிய குழியிலேயே குடித்துவிட்டு விழுந்து கிடந்தான். ஊர்ச் சர்ச்சின் குழிவெட்டி அவன். சவப்பெட்டியை இறக்க வந்தவர்களுக்குக் குழியிலிருந்து குறட்டை கேட்டது. மானம் போயிற்று என்று அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மறுவாரம் அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி அங்கே வந்து நின்றான்.

"இனிமே ஒரு சொட்டு தொடமாட்டேன், ஹெஸ்டர்."

நம்பித் திரும்பினாள். கல்யாணத்துக்கு அவன் அப்பா காய்ச்சிக் கொடுத்த ஆப்பிள் மது, சிவப்பு அரக்கு வைத்த பாட்டில்கள், வீட்டில் இல்லை. கேட்டதற்கு "போயாச்சு" என்றான்.

அதன்பிறகு அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு இருந்த குறை வேறு. மழையோ பனியோ, மதியம் அவன் வீட்டுக்கு வரமாட்டான். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு கம்பளி வியாபாரியின் கல்லறை மேல் உட்கார்ந்துதான் தின்பான். மேசை உயரத்துக்குக் கல்பலகைகளை நிறுத்தி மூடிய கல்லறை அது. பார்க்கப் பெட்டிதான், ஆனால் ஆள் கிடப்பது மண்ணுக்கடியில்.

"செத்தவன்கூட என்ன விருந்து வேண்டிக்கெடக்கு? வீட்ல சுடச்சுட சூப்பு இருக்கு!"

"அவரு எதிர்த்துப் பேசமாட்டாரு" என்பான்.

அவன் இறந்ததும் அவன் கல்லறைக் கல்லில் ஒரே வரி வெட்டச் சொன்னாள்: சொன்ன சொல் காத்தவர். சர்ச்சில் புல் வெட்டும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள்.

இந்த ஈஸ்டருக்கு முன்னால், வியாபாரியின் கல்லறையை மூடியிருந்த ஐவிக்கொடி அவள் கண்ணை உறுத்தியது. பிஷப் அலுவலக அனுமதியில்லாமல் கல்லறைகளைத் தொடக்கூடாது என்று சர்ச் நிர்வாகி கிளெமென்ட் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார். செடிக்குமா அனுமதி என்று ஒரே இழுப்பாக இழுத்தாள். கல்லைப் பிடித்து நிறுத்தியிருந்ததே அந்தக் கொடிதான். பக்கப் பலகை பெயர்ந்து புல்லில் விழுந்தது. உள்ளே வரிசையாக மது பாட்டில்கள்.

சத்தம் கேட்டுக் கிளெமென்ட் ஓடிவந்தார். "தொடாதீங்கன்னு எத்தன தடவ..." அப்போதுதான் பாட்டில்கள் கண்ணில் பட்டன. பக்கத்திலேயே இருந்த வில்ஃப்ரெட்டின் கல்லைப் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார். ஹெஸ்டர் கையிலிருந்த கொடியை வீசி எறிந்தாள்.

"கல்தச்சன வரச்சொல்லுங்க."

"பலகைய நிறுத்தவா?"

"அதுக்கும்தான். மொதல்ல எங்க வீட்டுக்காரர் கல்லுல இருக்கற பொய்யச் செதுக்கி எடுக்கணும்."

"அதுக்கும் பிஷப் அனுமதி வேணுமே..."

"பிஷப்பையே வரச்சொல்லுங்க!"

பாட்டில்களை எடுத்துக் குப்பையில் எறியக் கையை விட்டாள். முதல் பாட்டில் கனத்தது. வெளியே எடுத்துப் பார்த்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. கார்க்கின் மேல் மாமனாரின் சிவப்பு அரக்கு, கீறல்கூட இல்லாமல். அடுத்ததும் அப்படியே. கடைசிவரை எல்லாமே அப்படியே. அப்பா கொடுத்ததைக் கொட்ட அவனுக்கு மனசு வரவில்லை. திறக்கவும் இல்லை. ஆயுசு முழுக்க அதன்மேலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறான்.

ஹெஸ்டர் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கிளெமென்ட் தயங்கித் தயங்கி, "அப்ப கல்தச்சன்?" என்றார்.

"பலகைக்கு மட்டும்."

அவர் போனபின் வில்ஃப்ரெட்டின் கல்லைப் பார்த்துச் சொன்னாள்: "பாவி மனுஷா, என்கிட்ட சொல்லியிருந்தா சூப்ப எடுத்துக்கிட்டு நானும் கூட வந்து உக்காந்திருப்பேனே."