எஸ்தர் அக்கா நிரப்பாத கோடு

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் அவருக்குத்தான் ஒரு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் இன்னும் பெருங்களத்தூரைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் போய் ஆங்கிலம் திருத்தித் தரச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட எனக்கு இல்லை. அது போய்ச் சேர்ந்த அடுத்த நிமிடம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் வந்தது. இறங்கி நடக்கலாமா என்றிருந்தது. இறங்கி எங்கே போவது? மூன்று நாளாகியும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மறைமலை நகரில் நம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த உங்கள் எல்லோருக்கும் அந்த வழக்கம் நினைவிருக்கும். பாகங்களில் குறை வந்தால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை போக வேண்டும். குறையைக் கண்டுபிடித்துவிடுவோம். 'ரீசன்' என்று எழுதியதும் கை நின்றுவிடும். அடுத்து வருவது 'ஆஃப்'பா, 'ஃபார்'ஆ? சந்தேகம் வருகிற இடத்தில் ஒரு கோடு போட்டு அக்காவுக்கு அனுப்ப வேண்டும். டீ ஆறுவதற்குள் நிரப்பித் திரும்பி வரும்.

"ரூல் கீல்னு இன்னாத்துக்குக் கேக்கற? ரீசன் வந்தா ஃபார் வரும். டேமேஜ் வந்தா டு வரும். அததுக்கு ஒரு ஜோடி கீது. நீ நடுவுல பூந்து மாத்தாத" என்பார். இன்ஜினியரிங் படித்த நாம், டைப்பிங் படித்துவிட்டு வந்தவரிடம் இப்படித்தான் திட்டு வாங்கினோம்.

ஒருமுறை அவசரத்தில், கோடு போட்ட அறிக்கையை அக்காவுக்கு அனுப்பாமல் நேராக வாடிக்கையாளருக்கே அனுப்பிவிட்டேன். அந்த மனிதர் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி கோடிட்ட இடங்களையெல்லாம் நிரப்பி மேனேஜருக்குத் திருப்பி அனுப்பினார். பிரிவின் பொது மெயிலிலிருந்து போனதால் அனுப்பியது யார் என்று தெரியவில்லை. மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துக் கத்தினார். "நான்தான் சார், பாக்காம அனுப்பிட்டேன்" என்றார் அக்கா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாரமே அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அது அக்கா செய்த தப்பு என்றுதான் இன்றுவரை நீங்கள் நம்புகிறீர்கள். இல்லை, நான் செய்தது.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"உன் பேரு ப்ரமோஷன் லிஸ்ட்டுல கீது குமாரு. எனக்கு இன்னா போச்சு? ஸ்டோர்ஸுல ஃபேன் நல்லா சுத்துது."

எனக்குப் ப்ரமோஷன் வந்தது. ஸ்டோர்ஸிலிருந்தும் அக்கா நம் கோடுகளை நிரப்பிக்கொண்டுதான் இருந்தார். தமிழில் கேட்க வெட்கப்பட்டு, ஒருநாள் அவருக்கு ஆங்கிலத்தில் மன்னிப்பு மெயில் எழுதினேன். 'அப்பாலஜி' என்ற சொல்லுக்குப் பிறகு பழக்கதோஷத்தில் ஒரு கோடு போட்டேன். உடனே போன் வந்தது. சிரித்துக்கொண்டே பேசினார்.

"ஒரு கோடு பத்தாது குமாரு. ரெண்டு போடணும். யார்கிட்டன்னு ஒண்ணு, எதுக்குன்னு ஒண்ணு. நான் ரொப்ப மாட்டேன். நீயே ரொப்பிக்க."

நான் நிரப்பவில்லை. அடக்கத்தன்று அனகாபுத்தூர் வீட்டில் அவர் மகளிடமாவது சொல்லிவிடலாம் என்று போனேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் நிரப்பாமல் விட்ட அந்த ஒரு மெயில்தான். இன்று அதில் இரண்டாவது கோட்டையும் போட்டேன்.

யாரிடம்: எஸ்தர் அக்காவிடம், உங்கள் எல்லோருக்கும் முன்னால்.

எதற்கு: அவர் என் பழியை ஏற்றுக்கொண்டு பேசியபோது, நான் வாயைத் திறக்காமல் நின்றதற்கு.