எடைமேடைக் கம்ப்யூட்டரும் அஞ்சலையக்காவின் உப்பும்

மூன்றாம் நாளான புதன்கிழமை காலையிலும் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. இது 2005-இல், மரக்காணம் உப்பளத்து எடைமேடை அலுவலகத்தில் நடந்தது. கிளியனூரிலிருந்து பைக்கில் போய் அங்கிருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

எடைச்சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதியதை மாட்டிவிட்டேன். இனி லினக்ஸ் போட வேண்டும். எல்லாம் தயாராக வரும் பேக்கேஜ் சிடி என் பையிலேயே இருந்தது. நாற்பது நிமிட வேலை. ஆனால் எனக்கு அப்போது சோர்ஸ் பைத்தியம். ஒவ்வொரு புரோகிராமையும் அதன் மூல எழுத்தான சோர்ஸிலிருந்து அந்த மெஷினுக்கென்றே கம்பைல் செய்து உருவாக்கினால், நாள் கணக்கில் ஆனாலும், பழைய பெட்டி பறக்கும் என்று நம்பினேன். புதன்கிழமை காலையில் சீட்டு வந்துவிடும் என்று எல்லாரிடமும் அடித்துச் சொல்லியிருந்தேன்.

அதை அப்படியே நம்பியவர் அஞ்சலையக்கா. சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர். லாரியில் ஏற்ற வசதியாக, உப்பு அம்பாரத்தை மூடியிருந்த பனையோலையைப் புதன் காலையிலேயே பிரித்துப் போட்டுவிட்டார். அச்சடித்த சீட்டு இல்லாமல், உப்பை வாங்குகிற கம்பெனி லோடை இறக்காது. எனக்கோ, முந்தின நாள் கரண்ட் போனதில் பாதி கம்பைலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. அக்கா உள்ளே வந்து திரையை எட்டிப் பார்த்தார். உங்கள் பாத்தியில் நீங்களே விளைய வைக்கிற மாதிரிதான் இதுவும் என்று பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க பாத்தியில ஒரு வாரத்துல உப்பு கண்ணுக்குத் தெரியும் தம்பி. உன்னுதுல என்னா தெரியுது?"

வெளியே ஓலை பிரித்துக் கிடந்த அம்பாரத்தைப் பார்த்தேன். அந்தப் பருவம் முழுக்க அவர் வெயிலில் நின்று சேர்த்த உப்பு என் பைத்தியத்தால் கரையப் போகிறதே என்று பயந்துவிட்டேன். கண்ட்ரோல்-சி அழுத்திக் கம்பைலை நிறுத்தினேன். பேக்கேஜ் சிடியைப் போட்டேன். பதினொன்றரைக்கு முதல் சீட்டு வந்தது. பெட்டி ஒன்றும் பறக்கவில்லை, பிரிண்டர் மட்டும் ஒழுங்காக அடித்தது.

இரண்டாவது லாரி தார்ப்பாய் கட்டிக் கிளம்பும்போது தூறல் விழுந்தது. மிச்ச அம்பாரத்தை மூட நானும் ஓலை தூக்கினேன். நான் ஓலையைத் தலைகீழாகப் பிடித்ததைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். ஓரத்து உப்பு கொஞ்சம் கரைந்ததோடு போயிற்று.

மதியம் அக்கா தன் வீட்டில் சாப்பிட வைத்தார். குழம்பில் உப்பு குறைவாக இருந்ததால் கேட்டேன். அலமாரியிலிருந்து அவர் எடுத்தது கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு. சொந்த அம்பாரம் இருக்க இது எதற்கு என்றேன்.

"அதக் கழுவி, காயவச்சி, இடிக்கணும். பசின்னு வந்தவன அதுவரைக்கும் உக்கார வைக்கிறதா?"

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் சோர்ஸிலிருந்துதான் கம்பைல் செய்கிறேன், அது எத்தனை நாள் ஓடினாலும் கேட்பாரில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் மட்டும், பையைத் திறக்கும் முன் வாசலில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவேன்.