டிரம்மில் மீன் குஞ்சு

பூச்சியியல் வல்லுநர் என்று சொன்னால், "கொசு மருந்து அடிக்க வந்தீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது.

இன்று காக்களூரில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் டிரம்மைத் திறந்தேன். நெளிநெளியாகக் கொசுப்புழு.

"போன மாசம் நீங்க உட்ட மீன் குஞ்சுதான் மேடம். சோறுகூடப் போட்டுக்கினு இருக்கேன்" என்றார் அந்த வீட்டு அக்கா, பெருமையாக.

கொசுப்புழுவைத் தின்னும் மீனை நாங்கள் விட்டது அடுத்த தெருக் கிணற்றில்.

உள்ளே அவர் மகள் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தாள். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டு, டிரம்மைக் கவிழ்த்தேன்.

"அய்யோ, இன்னா மேடம், அத்தினியும் கொன்னுட்டீங்களே!"

வீட்டு டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் என்ன மீன் வளர்க்கிறீர்கள்?